ரம்பம் வாசித்தவன் எங்கே?

“தனியா ஒரு கிட்டாரோட உக்காந்து பாடும்போதுதான் அவன் யாருன்னு தெரியுது.”

இதைச் சொல்லாத ராக் ரசிகர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நானும் சொல்லியிருக்கிறேன், வருஷக்கணக்காக. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, மற்றவர்களுக்கு எட்டாத ஏதோ ஒன்று எனக்கு எட்டிவிட்ட பாவனையில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையை அதற்கான பிராயச்சித்தம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

எனக்குச் சண்டை பாடகர்களோடு அல்ல, கேட்பவர்களோடு. குறிப்பாக, 2010க்குப் பிறகு ஜெஃப் மாங்கம் தன்னந்தனியாக மேடையில் உட்கார்ந்து பாடியதைக் கேட்டுக் கண் கலங்கியவர்களோடு. கலங்கியதில் ஒரு தப்பும் இல்லை. கலங்கி முடித்துவிட்டு அவர்கள் சொன்னதில்தான் தகராறு.

மாங்கம் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் ரஸ்டன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே வீட்டில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சத்தங்களைப் பதிவுசெய்து விளையாடிய நண்பர் கூட்டம் அவருடையது. ‘எலிஃபன்ட் 6’ என்று பின்னால் பெயர் வாங்கியது அந்தக் கூட்டம்தான். அதிலிருந்து வந்தது ‘நியூட்ரல் மில்க் ஹோட்டல்’ என்ற இசைக்குழு. 1998 பிப்ரவரியில் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் வந்தது: ‘இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ’. ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்துவிட்டு அழுது தீர்த்த ஒருவர் எழுதிய பாடல்கள். ராக் என்று சொன்னால் ராக்தான். ஆனால் அதில் ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் யூஃபோனியமும் அக்கார்டியனும் இருக்கின்றன. ஒரு பாட்டில் ஐரிஷ் பைப் ஊதுகிறார்கள். ஜூலியன் கோஸ்டர் என்பவர் மரம் அறுக்கிற ரம்பத்தை வளைத்துப் பிடித்து, வயலின் வில்லால் உரசி வாசிக்கிறார். நம்மூரில் ‘ரம்பம்’ என்றால் அறுவை. அங்கே அந்த ரம்பத்திலிருந்து வருவது ஆளில்லாத வீட்டில் யாரோ ஒரு பெண் முனகுவதைப் போன்ற சத்தம்.

அந்த வருஷக் கடைசியோடு குழு ஓய்ந்தது. மாங்கம் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்கியவரை விடுவார்களா? ஆல்பத்தின் புகழ் கையிலிருந்து கைக்குப் பரவப் பரவ, ‘அந்த ஆள் எங்கே போனார்?’ என்பதே ஒரு கதையாகிவிட்டது. 2003இல் ஒரு பத்திரிகையாளர் ஊர் ஊராகத் தேடிக்கொண்டு போனார். அவருக்கு மாங்கம் அனுப்பிய பதிலின் சாரம்: நான் ஒரு கருத்து இல்லை, மனிதன், என்னைத் தனியாக விடுங்கள். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

2010 மே மாதம் நியூயார்க்கில் நடந்த ஒரு நிதி திரட்டும் கச்சேரியில் மாங்கம் மறுபடி பாடினார். பக்கவாதத்தில் விழுந்த நியூசிலாந்துப் பாடகர் கிறிஸ் நாக்ஸுக்காக நடந்த கச்சேரி அது. அடுத்த இரண்டு மூன்று வருஷங்கள் ஊர் ஊராகப் போனார். ஒரு நாற்காலி, சில அகூஸ்டிக் கிட்டார்கள், அவர். படம் எடுக்கக்கூடாது, வீடியோ எடுக்கக்கூடாது என்று அரங்கத்தில் அறிவிப்பு. கூட்டம் முதல் வரியிலிருந்தே கூடப் பாடியது. பன்னிரண்டு வருஷம் அறைக்குள் தனியாகப் பாடியவர்கள் வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ அது ஆனது. அதில் எனக்கு மாற்றுக்கருத்து கிடையாது. அங்கே இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்கள் எழுதியதும் பேசியதும்தான் பிரச்சனை. பாடல்கள் இப்போதுதான் தங்கள் உண்மையான உருவில் நிற்கின்றன என்றார்கள். ஆரவாரமெல்லாம் உதிர்ந்து எலும்பு தெரிகிறது என்றார்கள். இந்தப் பாடல்களுக்கு இவ்வளவு வாத்தியம் தேவையே இல்லை என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ரம்பம் வாசித்தவரும் ட்ரோம்போன் ஊதியவரும் இந்தப் பேச்சில் சிலந்தி வலைபோல ஆகிவிட்டார்கள். ஒட்டடை அடித்தாயிற்று, வீடு பளிச்சென்று இருக்கிறது.

கூத்து பார்த்தவர்களிடம் கேளுங்கள். துரியோதனன் கட்டியவர் விடியற்காலையில் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீ குடிக்க வந்து நிற்பார். அவரைப் பார்த்து, ‘இதுதான் நிஜமான துரியோதனன்’ என்று யாரும் சொல்வதில்லை. கிரீடமும் புஜக்கட்டையும் போன பிறகு அங்கே நிற்பது ஒரு நல்ல மனிதர், அவ்வளவுதான். துரியோதனன் அந்தக் கட்டைகளில்தான் இருந்தான். ராக் இசைக்கு மட்டும் இந்த எளிய விஷயம் ஏன் நமக்கு மறந்துபோகிறது?

அந்த ஆல்பம் டென்வர் நகரில் ராபர்ட் ஷ்னைடரின் ஸ்டுடியோவில் 1997இல் பதிவானது. அதில் கரகரவென்று பொரிந்து தள்ளும் இரைச்சலை நிறையப் பேர் எலக்ட்ரிக் கிட்டார் என்றே நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி அகூஸ்டிக் கிட்டார்தான். ப்ரீஆம்பின் கொள்ளளவுக்கு மேல் சிக்னலைத் தள்ளி, அது தாங்காமல் பிதுங்குகிற சத்தத்தை டேப்பில் பிடித்திருக்கிறார் ஷ்னைடர். ஆக, ‘மரத்தாலான எளிய வாத்தியம்’ என்று நாம் பூஜிக்கிற அதே பொருளை அவர்கள் கிழிபடும்வரை இழுத்திருக்கிறார்கள். பரிசோதனை என்றால் அதுதான். பாட்டு ஒரு பக்கம், இரைச்சல் ஒரு பக்கம் என்று அங்கே எதுவும் பிரிந்து கிடக்கவில்லை. இரைச்சலை நீக்கினால் மிஞ்சுவது இன்னொரு பாட்டு. அது நல்ல பாட்டாக இருக்கலாம், ஆனால் முதல் பாட்டின் ‘ஆன்மா’ இல்லை.

இங்கே ஒரு ஆட்சேபணை வரும், நியாயமான ஆட்சேபணை. ‘ஜிட்டரி ஜோஸ்’ பதிவு இருக்கிறதே? 1997 மார்ச்சில் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் ஒரு காபிக் கடையில் மாங்கம் தனியாகப் பாடினார். கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்பம் பதிவாவதற்கு முன்பே அதன் பாடல்களில் பல அங்கே பாடப்பட்டுவிட்டன. அப்படியானால் தனிக்குரல்தானே மூலம், மற்றதெல்லாம் பின்னால் ஒட்டவைத்ததுதானே?

அந்தப் பதிவு 2001இல்தான் வெளியானது. நாம் 1998இன் ஆல்பத்தை முதலில் கேட்டோம், 1997இன் வரைவை அப்புறம் கேட்டோம். பின்னால் கேட்டதை ஆழத்தில் இருப்பது என்று எடுத்துக்கொண்டோம். ஒரு நாவலாசிரியரின் கையெழுத்துப் பிரதி கிடைத்தால், அடித்துத் திருத்தியதையெல்லாம் படித்துவிட்டு, அச்சிட்ட புத்தகம் வெறும் அலங்காரம் என்று யாராவது சொல்வார்களா? வரைவுக்கு ஒரு அழகு உண்டு. இன்னும் தீர்மானமாகாததின் அழகு அது. அதைக் கொண்டுவந்து தீர்ப்பின் பீடத்தில் ஏன் உட்காரவைக்க வேண்டும்?

அந்தப் பதிவில் ஒரு கைக்குழந்தையின் குரல் நடுநடுவே கேட்கும். சில ரசிகர்களுக்கு அது பெரிய எரிச்சல். எனக்கு அந்தக் குழந்தைதான் அங்கிருந்த உத்தமமான ரசிகர் என்று படுகிறது. அது பாட்டுக்குக் குரல் கொடுத்தது. பாடுகிறவரின் உண்மையான முகத்தைக் கண்டுவிட்டதாக யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

‘கழற்றிப்போட்ட உண்மை’ என்ற இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது? 1989இல் எம்டிவி ‘அன்ப்ளக்ட்’ என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதன் உச்சமாக எல்லாரும் காட்டுவது 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் பதிவான நிர்வாணா கச்சேரி. லில்லிப் பூக்கள், மெழுகுவர்த்திகள், தொளதொள ஸ்வெட்டரில் கர்ட் கோபேன். அடுத்த ஏப்ரலில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு அந்தக் கச்சேரியை யாராலும் கச்சேரியாகக் கேட்க முடியவில்லை. மரண வாக்குமூலமாகத்தான் கேட்கிறார்கள்.

அந்த மேடையில் என்ன நடந்தது தெரியுமா? கோபேன் தன்னுடைய மார்ட்டின் கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில்தான் செருகி வாசித்தார். அது இல்லாமல் உட்கார அவருக்குச் சம்மதமில்லை. நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் அந்த ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் ஒரு போலிப் பெட்டியைச் செய்து வைத்து, மேடை மானிட்டர் போலத் தெரியும்படி மறைத்தார். ‘வயரைப் பிடுங்கிய’ கச்சேரியின் புனிதப் படிமத்துக்கு நடுவே வயர் செருகியிருந்தது. எனக்கு இதில் கோபேன் மேல் கோபமே இல்லை, சந்தோஷம்தான். தனக்கு எந்தச் சத்தம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெட்டி நமக்காகச் செய்தது. 2020இல் அந்தக் கிட்டார் அறுபது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அன்று கோபேன் கடைசியாகப் பாடியது லெட்பெல்லி பாடிப் பிரபலமாக்கிய பழைய நாட்டுப்பாடல். லெட்பெல்லியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு தந்தி கிட்டார் வாசித்த கறுப்பினப் பாடகர். 1934இல் லூயிசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து வெளியே வந்தார். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமக்ஸ் அவரை நியூயார்க்குக்குக் கூட்டிப்போனார். லெட்பெல்லிக்கு நல்ல கோட்டு சூட்டு, போ டை என்றால் உயிர். ரேடியோவில் வந்த சினிமாக் கௌபாய் ஜீன் ஆட்ரியின் பாட்டுகள் பிடிக்கும். ஆனால் கேட்க வந்த படித்தவர்களுக்கு வேண்டியிருந்தது கைதி. 1935இல் ஒரு செய்திப்படத்துக்காக அவரைச் சிறை உடுப்பிலேயே நடிக்கவைத்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்த மனிதனுக்கு, அவனுடைய ‘உண்மைத்தன்மை’க்காக, மறுபடியும் சிறை உடுப்பு. தனிக்குரலின் நிர்வாணமும் ஒரு உடுப்புதான். அதைத் தைப்பவர்கள் கேட்பவர்கள்.

பாப் டிலன் விஷயம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். 1966 மே 17, மான்செஸ்டர். முதல் பாதி தனியாக, அகூஸ்டிக் கிட்டாரும் மவுத்ஆர்கனும். கூட்டம் கோயிலில் உட்கார்ந்ததுபோல இருந்தது. இரண்டாம் பாதியில் இசைக்குழுவோடு எலக்ட்ரிக் கிட்டார். கூச்சல், கேலிக் கைதட்டல், கடைசியில் யாரோ ஒருவர் “யூதாஸ்!” என்று கத்தினார். எல்லாரும் அந்தக் கத்தலையே பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது முதல் பாதியின் அமைதி. அன்று தனியாகப் பாடிய ‘டெசலேஷன் ரோ’, ‘விஷன்ஸ் ஆஃப் ஜொஹானா’ போன்றவை தலைகால் புரியாத கனவுப் பாடல்கள். பரிசோதனை என்றால் இரண்டாம் பாதிக்கு ஒரு மாற்றுக் குறையாத பரிசோதனை. ஆனால் கையில் மரக்கிட்டார் இருந்ததால் யாரும் பயப்படவில்லை. அவர்கள் வாத்தியத்தைப் பார்த்தார்கள், பாட்டைக் கேட்கவில்லை. 2011இல் மாங்கமுக்கு முன்னால் உட்கார்ந்து உருகியவர்கள் அதே கூட்டத்தின் நல்ல பிள்ளைகள் என்றுதான் சொல்வேன். இவர்கள் கத்தவில்லை, பாராட்டினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏனென்றால் இந்தப் பாராட்டின் உள்ளே ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. ‘பரவாயில்லை, இவனுக்கு ஒழுங்காகவும் பாடத் தெரிகிறது’ என்கிற மன்னிப்பு. பிக்காஸோவின் இளமைக்கால ஓவியங்களைக் காட்டி, ‘பாரு, கை சுத்தமா இருக்கு’ என்று ஆறுதல் அடைவார்களே, அது. புதுக்கவிதை எழுதுகிறவர் ஒரு வெண்பா எழுதிக் காட்டிவிட்டால் நம் தமிழாசிரியர்கள் முகத்தில் ஒரு நிம்மதி பரவுமே, அதுவும் இதுதான். அவருடைய புதுக்கவிதையை அப்போதும் அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இனிப் படிக்கவும் வேண்டாம், சான்றிதழ் கொடுத்தாயிற்று.

தனியாகப் பாடுவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 அக்டோபரில் ‘வால் ஸ்ட்ரீட்டைக் கைப்பற்றுவோம்’ போராட்டக்காரர்கள் நியூயார்க் ஸுக்காட்டி பூங்காவில் முகாமிட்டிருந்தபோது மாங்கம் அங்கே போய்ப் பாடினார். ஒலிபெருக்கி வைக்க அங்கே அனுமதி கிடையாது. ஒருவர் பேசினால் சுற்றியிருப்பவர்கள் திருப்பிச் சொல்லித்தான் பின்னால் நிற்பவர்களுக்குப் போய்ச் சேரும். அங்கே ஒரு கிட்டார், ஒரு குரல், கூடப் பாடுகிற கூட்டம். பழைய பங்க் குழுவான மினிட்மென்னின் பாட்டு ஒன்றையும் பாடினார். அங்கே தனிக்குரலுக்கு ஒரு காரணம் இருந்தது. கூட்டத்தின் குரல் வேலை செய்தது. சுமார் 1500 இருக்கைகள் கொண்ட டவுன் ஹாலில், துல்லியமான ஒலியமைப்போடு, டிக்கெட் வாங்கிக் கேட்பதை அதோடு சேர்த்து ‘எளிமை’ என்று ஒரே வார்த்தையில் அடைக்க முடியாது.

சொந்தக் கதை ஒன்று உண்டு. கல்லூரியில் நண்பர்கள் நால்வர் ஒரு ராக் குழு வைத்திருந்தார்கள். ஊர் உலகத்துக்குத் தெரியாத குழு. எனக்கு வேலை, வயர் சுற்றுவதும் விமர்சனம் சொல்வதும். கடைசி வருஷம் பாடகன் மட்டும் தனியாக ஒரு சின்ன அரங்கில், ஸ்டூலில் உட்கார்ந்து, அகூஸ்டிக் கிட்டாரோடு பாடினான். குழுவின் அதே பாட்டுகள்தான். எல்லாரும் சொக்கிப்போனோம். வெளியே டீக்கடையில் நான் என்னுடைய பிரசித்தி பெற்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “தூசி தட்டி எடுத்த மாதிரி இருக்குடா” என்றும் சொன்னேன்.

ட்ரம்ஸ் வாசிக்கிறவன் பக்கத்தில் நின்றிருந்தான். கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப நாலு வருஷமா நான்தான் தூசியா?” என்றான்.

சிரித்துத்தான் கேட்டான். அந்த வருஷமே ட்ரம்ஸை விற்றுவிட்டான். என் ஒரு வாக்கியத்தால்தான் விற்றான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவனுக்கு வேலை கிடைத்தது, வாடகை வீட்டில் ட்ரம்ஸை வைக்க இடமில்லை. ஆனாலும் அந்தப் பாட்டுகளில் இரண்டு அவன் போட்ட தாளத்திலிருந்து பிறந்தவை என்பது எனக்குத் தெரியும். தாளத்தைக் கேட்ட பிறகுதான் பாடகன் மெட்டையே போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். பார்த்துவிட்டும் அப்படிச் சொன்னேன். ‘உண்மையான அவன்’ என்ற பேச்சு கொடுக்கிற போதை அப்படி. ஒருவனைத் தெய்வமாக்க மூன்று பேரை அழித்தாக வேண்டும். தெய்வமான பிறகு அந்த ஒருவனும் மனிதனாக இருக்க முடியாது. 2003இல் மாங்கம் கேட்டுக்கொண்டது அதைத்தான்.

தனிக்குரலைக் கேட்டு ஒருவர் எப்படி வியக்கலாம் என்பதற்கு அந்த ஆல்பத்திலேயே சாட்சி இருக்கிறது. ‘ஓ கம்லி’ என்ற பாட்டு, எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடுவது. மைக்கைச் சரிபார்ப்பதற்காக மாங்கம் பாட ஆரம்பித்தார், நிறுத்தாமல் கடைசிவரை ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டார் என்பது ஷ்னைடர் தரப்பு சொல்லும் கதை. பாட்டு முடிகிற இடத்தில் தூரத்தில் யாரோ ஆச்சரியம் தாங்காமல் கெட்ட வார்த்தையில் கத்துவது கேட்கும். அது குழுவில் ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் ஊதிய ஸ்காட் ஸ்பில்லேனின் குரல் என்கிறார்கள். அவருக்கும் தனிக்குரல் மயிர்க்கூச்செறிய வைத்தது. ஆனால் ‘இதற்கு மேல் எதுவும் வேண்டாம்’ என்று யாரும் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பாட்டின் மேல் குழல்வாத்தியங்கள் வந்து சேர்ந்தன. கத்தல் அழியாமல் அப்படியே இருக்கிறது, குழல்களும் இருக்கின்றன.

அதே ஆல்பத்தில் ‘டூ ஹெடட் பாய்’ கிட்டாரும் குரலும் மட்டும்தான். அந்தத் தனிமை ஏன் அப்படி அடிக்கிறது என்றால், அது முடியும் இடத்தில் மூச்சுவிடாமல் ‘தி ஃபூல்’ என்ற வாத்திய இசை, சவ ஊர்வலத்து பேண்டு மாதிரி உள்ளே வருகிறது. அங்கே அந்தக் குரல் தனியாக இருப்பது, மற்றவர்கள் வாசலில் நிற்பதால். ஒரு நாற்காலிக் கச்சேரியில் ‘தி ஃபூல்’ எங்கே போகும்? அதில் பாட ஒரு வார்த்தைகூட இல்லை.

போன வருஷம் அந்த ட்ரம்ஸ் நண்பனோடு திண்டிவனம் தாண்டிக் காரில் போய்க்கொண்டிருந்தேன். ‘ஓ கம்லி’யைப் போட்டேன். எட்டு நிமிஷமும் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கத்தல் வந்ததும் சத்தத்தைக் குறைத்து, “யார்ரா அது?” என்றான்.

“ட்ரோம்போன் ஊதறவர்.”

“நல்ல ஆளு.”

“இதுல ட்ரம்ஸே இல்லையே, உனக்கு ஒண்ணும் தோணலையா?” என்று கேட்டேன். இருபது வருஷமாகக் கேட்க நினைத்ததைச் சுற்றி வளைத்துக் கேட்டேன் என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

“அது அவங்க நாலு பேரும் சேர்ந்து வேணாம்னு வெச்சதுடா. கேட்டவன் வந்து எடுத்தது இல்ல” என்றான்.

அடுத்த பாட்டு ‘கோஸ்ட்’. அதில் ஜெரமி பார்ன்ஸ் ட்ரம்ஸோடு வருவார், ஆனால் உடனே வரமாட்டார். நண்பன் சத்தத்தைக் கூட்டிவிட்டு, இரண்டு விரல்களை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.